மலை வீட்டில் கோடை விடுமுறை: நாள் ஒழுங்கு எங்கே இடிக்கிறது, எப்படிச் சரிசெய்வது

கோடை விடுமுறைக்கு என்று சுற்றிவரும் கால அட்டவணைகள் பெரும்பாலும் சமவெளிக்காரர்கள் போட்டவை. பதினொன்று முதல் நான்கு வரை வெயில், பிள்ளைகளை உள்ளே வை; சாயங்காலம் வெளியே விடு. இதை ஊட்டியிலோ கோத்தகிரியிலோ கொடைக்கானலிலோ அப்படியே சுவரில் ஒட்டினால் மூன்றாம் நாள் கிழித்துப் போட வேண்டியதுதான். இங்கே காலைதான் வெளியில் சுற்றும் நேரம். ஏப்ரல், மே மாதங்களில் பல நாள் மதியத்துக்கு மேல் மப்பு ஏறி மழை இறங்கும். இருட்டிய பிறகு பாதை மனிதர்களுக்கு இல்லை, காட்டுமாட்டுக்கு. இன்னொன்று: பிள்ளைகளுக்கு விடுமுறை வரும்போதுதான் பெரியவர்களுக்கு சீசன். வண்டி ஓட்டுகிறவர், காட்டேஜ் பார்க்கிறவர், கடை வைத்திருப்பவர் எல்லோருக்கும் வருஷத்திலேயே ஓய்வில்லாத எட்டு வாரம்.

அதனால் மணிக்கு மணி அட்டவணை வேண்டாம். மூன்று முளை மட்டும் அடியுங்கள். காலைச் சாப்பாடு 8.30. மதியச் சாப்பாடு 1 மணி. மாலை 6 மணிக்கு எல்லோரும் வாசலுக்கு உள்ளே. மாட்டை முளையில் கட்டினால் கயிறு எட்டும்வரை அது பாட்டுக்கு மேயும். நடுவிலுள்ள நேரத்தையும் அப்படி விட்டுவிடலாம். மூன்றில் ஒன்று ஆடினால் மற்ற இரண்டும் சேர்ந்து ஆடும். எது முதலில் ஆடியது என்று கண்டுபிடிக்கத்தான் கீழே உள்ளவை. உங்கள் வீட்டில் தெரிகிற அறிகுறியை மட்டும் படித்தால் போதும்.

அறிகுறி: பத்து மணி வரை எழுந்திருப்பதில்லை

பெரும்பாலோர் இரவில் சீக்கிரம் படுக்க வைக்கப் பார்க்கிறார்கள். அங்கேதான் தவறு. தூக்கம் வராத பிள்ளையை ஒன்பதரைக்குப் படுக்கப் போட்டால் போர்வைக்குள் செல்போன் வெளிச்சம்தான் தெரியும். எழும் நேரத்தை இழுங்கள். படுக்கும் நேரம் நாலைந்து நாளில் தானே பின்னால் வரும்.

தினமும் 15 நிமிடம் முன்னால் எழுப்புங்கள். பத்து மணியிலிருந்து ஏழரைக்கு வரப் பத்து நாள் ஆகும். ஒரே நாளில் ஏழரைக்கு எழுப்பினால் மதியம் இரண்டு மணி நேரம் தூங்கி, இரவு பன்னிரண்டுக்கு விழித்துக்கொண்டு இருப்பார்கள். 6 முதல் 12 வயது வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் தேவை. ஆகவே பதினைந்து வயதுப் பையனையும் ஏழு வயதுத் தங்கையையும் ஒரே நேரத்துக்குப் படுக்கச் சொல்ல வேண்டாம். எழுவது ஒரே நேரம், படுப்பது வெவ்வேறு நேரம்.

குளிரும் ஒரு காரணம். மே மாதத்திலும் ஊட்டியில் விடியற்காலை 11, 12 டிகிரிக்கு இறங்கும். கம்பளிக்குள்ளிருந்து வெளியே வரச் சொல்வதற்கு முன், திரையை விலக்கி வெளிச்சத்தை உள்ளே விடுங்கள். ஸ்வெட்டரும் சாக்ஸும் கட்டில் தலைமாட்டிலேயே இருக்கட்டும், அலமாரியில் வேண்டாம். கையில் சூடாகப் பாலோ காபியோ வரும் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஊட்டி பேக்கரிகளில் விற்கும் மொறுமொறு வர்க்கி மட்டும் அந்த நேரத்தில் கொடுக்காதீர்கள். இரண்டு வர்க்கி உள்ளே போனால் எட்டரைச் சாப்பாடு பத்தாகும், முதல் முளை அங்கேயே பிடுங்கிக்கொண்டு போகும்.

அறிகுறி: மதியச் சாப்பாடு தினமும் மூன்று மணிக்குத் தள்ளிப்போகிறது

இந்தக் கோளாறு பாதி மலையினுடையது, பாதி நம்முடையது. அதிலும் சமவெளியிலிருந்து கல்யாணமாகியோ வேலைக்கோ வந்தவர்கள் வீட்டில் அதிகம்.

ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீர் கொதிக்கும் சூடு குறைகிறது. 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குன்னூரில் 94 பக்கம். பானையில் தளதள என்று கொதிக்கிறதே என்று பார்த்தால் அரிசி வேகாமல் நிற்கும். தீயைக் கூட்டினால் தண்ணீர் வற்றுமே தவிர அந்தச் சூட்டுக்கு மேல் ஏறாது. கேஸ்தான் வீண். திறந்த பாத்திரத்தில் பருப்பு, கடலை, ராஜ்மா வேக வைக்கிற பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். குக்கரிலும் சமவெளிக் கணக்கை விட இரண்டு மூன்று விசில் கூடுதலாக வையுங்கள். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் குக்கருக்குள்ளும் சூடு சற்றுக் குறைவாகவே நிற்கும்.

அதற்கும் மேலே ஒரு காரணம்: ஊறப்போட மறப்பது. கொண்டைக்கடலை, காய்ந்த பட்டாணி, அவரைக்கொட்டை எல்லாம் இந்தக் குளிரில் ஊறவே நேரம் எடுக்கும். இரவு படுக்கும் முன் ஊறப்போட வேண்டும். மறந்துபோனால் காலையில் வெந்நீர் ஊற்றி மூடி மூன்று மணி நேரம். இந்த வேலையைப் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடம் கொடுத்துவிடலாம். “நாளைக்கு என்ன ஊறப்போடணும்?” என்று இரவுச் சாப்பாட்டின்போது அது கேட்க வேண்டும், ஒரு டம்ளர் அளந்து போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் மறுநாள் மதியத்தைக் காப்பாற்றுவது அந்த ஒரு டம்ளர்தான்.

இட்லி மாவும் இப்படித்தான் ஏமாற்றும். கீழே எட்டு மணி நேரத்தில் பொங்குகிற மாவு இங்கே 14 முதல் 18 மணி நேரம் கேட்கும். நாளைக் காலை இட்லி என்றால் இன்று மதியம் ஒரு மணிக்குள் ஆட்டிக் கரைத்து வைத்திருக்க வேண்டும். இரவு எட்டு மணிக்கு ஆட்டிவிட்டுக் காலையில் பாத்திரத்தைத் திறந்து பார்த்தால், ஊற்றிய அளவிலேயே, மேலே ஒரு குமிழி கூட இல்லாமல் சாதுவாகக் கிடக்கும். கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றிய அகலப் பாத்திரத்துக்குள் மாவுப் பாத்திரத்தை இறக்கி, பழைய ஸ்வெட்டரைச் சுற்றி வையுங்கள். தண்ணீர் ஆறியதும் ஒரு தடவை மாற்றினால் போதும். கொதிநீர் வேண்டாம், ஓரத்து மாவு வெந்துவிடும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள்.

அறிகுறி: அரை மணிக்கு ஒருமுறை “அம்மா, பசிக்குது”

பாதி பசி, பாதி சலிப்பு. மூன்று சாப்பாட்டுக்கு நடுவே 11 மணிக்கும் 4.30க்கும் என்று இரண்டு சிற்றுண்டி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி நாளில் எடுத்துப்போகும் அதே டிபன் டப்பாவில், காலையிலேயே அவரவர் பங்கைப் போட்டுக் கொடுத்துவிடுங்கள்: கேரட், வேர்க்கடலை, பழம், ஒரு வர்க்கி. டப்பா காலியானால் அடுத்த சாப்பாடு வரை தண்ணீர்தான். அந்த நேரத்துக்கு முன்பே தின்று தீர்த்தால் அது அவர்கள் பாடு. முதல் இரண்டு நாள் ஒன்பது மணிக்கே காலியாகிவிடும். இரக்கப்பட்டு மறுபடி நிரப்பினால் இந்த வழி அன்றோடு செத்தது.

அறிகுறி: இரண்டு மணிக்கு மேல் சண்டை, இல்லையென்றால் செல்போன்

நேரம் போடப்பட்ட விதம் தவறு. காலையில் உள்ளே உட்கார வைத்துவிட்டு மதியம் விளையாடலாம் என்று சொல்லியிருப்பீர்கள். மதியம் மழை வந்துவிட்டது. காலை முழுவதும் சேர்ந்த தெம்பு எங்கே போகும்?

9 முதல் 12.30 வரை வெளியே. வெயில் குளுகுளு என்று தெரிந்தாலும் உயரத்தில் தோலைச் சுடும் கதிர் கூடுதல், தொப்பி வேண்டும். மூக்கும் கன்னமும் கருகித் தோல் உரிவது குளிரால் என்று இங்கே பலர் நினைக்கிறார்கள், பாதி வெயிலால்.

2 முதல் 4.30 வரை உள்ளே. அதற்கென்று ஓர் அட்டைப்பெட்டி: தாயம், பல்லாங்குழி, சீட்டுக்கட்டு, வெட்ட ஒட்டப் பழைய காலண்டர்கள், படிக்க நாலு புத்தகம். இந்தப் பெட்டி காலையில் திறக்கக்கூடாது. திறந்தால் மதியத்துக்குள் அலுத்துப்போகும். காரம் போர்டு இருந்தால் ஈரச் சுவரில் சாத்தி வைக்காதீர்கள். மூட்டம் இறங்கும் நாளில் பலகை ஈரம் குடித்து, பவுடர் கட்டிபிடித்து, ஸ்ட்ரைக்கர் நடுவழியில் நின்றுவிடும். பிள்ளைகள் அதற்கும் ஒருவரையொருவர் குற்றம் சொல்வார்கள். காய்ந்த துணியால் பலகையைத் துடைத்து, பழைய பவுடரை முழுக்கத் தட்டிவிட்டுப் புதிதாக ஒரு சிட்டிகை போதும்.

செல்போனுக்கு இந்த நேரத்துக்குள்ளேயே ஒரு துண்டு கொடுங்கள்: 3 முதல் 4 வரை, கூடத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி. இரவில் எல்லாச் சார்ஜரும் கூடத்து மேசையில்தான், உங்களுடையதும். “பாத்திரம் கழுவினால் அரை மணி செல்போன்” என்ற பேரம் வேண்டவே வேண்டாம். ஒரு வாரத்தில் ஒவ்வொரு டம்ளருக்கும் விலை கேட்பார்கள்.

அறிகுறி: வேலைப் பங்கீடு நாலு நாளில் நின்றுபோனது

தாளை எடுத்துப் பாருங்கள். “வீட்டைச் சுத்தமாக வைத்தல்” என்று எழுதியிருக்கும். அது வேலையே இல்லை, ஆசை. பிள்ளைக்கு எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று தெரியவேண்டும். “சாப்பிட்ட ஐந்து தட்டையும் கழுவி, கவிழ்த்து, சிங்கைத் துடைத்தால் முடிந்தது” என்று எழுதுங்கள். ஒருவருக்கு மூன்று வேலைக்கு மேல் வேண்டாம். அவர்கள் மடித்த போர்வையை நீங்கள் எடுத்து மறுபடி மடிக்காதீர்கள். அதைப் பார்த்த பிள்ளை மறுநாள் மடிக்காது, அதன் கணக்கும் சரிதான்.

மலை வீட்டுக்கு என்றே பொருந்தும் வேலை இரண்டு உண்டு.

ஒன்று தண்ணீர். கோடையில் குழாய்த் தண்ணீர் சில நாளுக்கு ஒருமுறை வரும் தெருக்கள் உண்டு. தண்ணீர் வரும் நாளில் வேறு எந்தத் திட்டமும் போடாதீர்கள்; அன்று அதுதான் திட்டம். பிளாஸ்டிக் குடம் ஒன்று ஏறக்குறைய 15 லிட்டர். 200 லிட்டர் டிரம் நிரப்ப 13, 14 குடம். நிறைந்த குடம் 15 கிலோ. எட்டு வயதுப் பிள்ளை தூக்கக்கூடாது. அதற்கு 5 லிட்டர் தூக்குவாளி, அல்லது குழாயடியில் நின்று குடம் நிறைந்ததும் அடுத்ததை மாற்றி வைக்கும் வேலை. பெரியவன் சுமக்கலாம். டிரம்முக்குள் ஒரு குச்சியை விட்டு, கால், அரை, முக்கால் என்று கீறி வைத்துக்கொண்டால் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பிள்ளைகளே பார்த்துச் சொல்வார்கள். அரைக்குக் கீழே போனால் அன்று துணி துவைப்பதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். டிரம்முக்கு மூடி கட்டாயம், கொசு முட்டையிடும் என்பதால்.

இன்னொன்று துணி. ஒன்பது மணிக்குள் கொடிக்கு வராத துணி அன்று காயாது. பத்து மணிக்குத் துவைத்துப் பதினொன்றுக்குப் போட்டால் ஒன்றரைக்கு மூட்டம் வந்து, பாதி காய்ந்தது மறுபடி ஈரமாகி, மறுநாள் நாறும். ஜீன்ஸையும் ஸ்வெட்டரையும் ஒரே நாளில் துவைக்காதீர்கள். ஜீன்ஸை உள்பக்கம் வெளியே திருப்பி, இடுப்புப் பட்டை மேலே வரும்படி இரண்டு கிளிப்பில் தொங்கவிட்டால் பை உள்ளேயும் காற்று போகும். ஸ்வெட்டரைத் தொங்கவிட வேண்டாம், நீண்டுவிடும். பழைய துண்டில் சுருட்டிப் பிழிந்து பலகையில் விரியுங்கள். எதிர் மலை மூட்டத்தில் மறைந்ததும் துணி எடுப்பது சின்னப் பிள்ளையின் வேலை. கடிகாரம் பார்க்கத் தெரியாத பிள்ளை கூட எதிர் மலையைப் பார்க்கும்.

அறிகுறி: விருந்தாளி வந்ததும் எல்லாம் தலைகீழ்

வருவார்கள். கோவையிலும் ஈரோட்டிலும் வெயில் கொளுத்தும்போது மலையில் வீடு வைத்திருக்கிற சொந்தக்காரனைத் தேடி வராமல் எங்கே போவார்கள்? இதைக் கோளாறாகப் பார்க்காமல் முன்கூட்டியே எழுதிவையுங்கள். விருந்தாளி இருக்கும் நாளில் இரண்டே முளை: ஒரு மணிச் சாப்பாடு, ஆறு மணி வீடு. மற்றதை விட்டுவிடுங்கள்.

காலை தாமதமாவது பேச்சினால் என்று நினைப்பீர்கள். கீசரைப் பாருங்கள். 15 லிட்டர் தொட்டி, 2 கிலோவாட் என்றால் குளிர்ந்த தண்ணீர் முழுக்கச் சூடேற 20 முதல் 25 நிமிடம். அதில் விளாவிய தண்ணீர் ஒன்றரை வாளிக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது ஒருவர் குளியல். எட்டுப் பேர் வரிசையில் நின்றால் மூன்று மணி நேரம். பிள்ளைகள் எல்லோரையும் முந்தின நாள் மாலை, விளையாடி வந்ததும் ஐந்து மணிக்குள் குளிக்க வைத்துவிடுங்கள். காலையில் முகம் கழுவி உடை மாற்றினால் போதும்.

ஊர் சுற்றக் கிளம்புவது ஏழரைக்குள், அதுவும் வார நாளில். மே மாதம் ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி நடக்கும் நாட்களில் பத்து மணிக்கு மேல் வண்டி நகராது. மேட்டுப்பாளையம் சாலைகளை ஏற ஒன்று, இறங்க ஒன்று என்று ஒருவழியாக்குவதும் உண்டு. உறவினர் சொந்த வண்டியில் வந்தால் இ-பாஸை நினைவுபடுத்துங்கள். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது வந்தது. சோதனைச் சாவடியில் நின்று பதிவுசெய்து அவர்கள் வருவதற்குள் உங்கள் ஒரு மணிச் சோறு ஆறிவிடும்.

வந்த பிள்ளைகளுக்கும் மூன்றில் ஒரு வேலை கொடுங்கள். விருந்தாளி என்று உட்கார வைத்தால் உங்கள் பிள்ளையும் விருந்தாளி ஆகிவிடும்.

அறிகுறி: பெரியவர்கள் இல்லாத பகல் ஓடுவதில்லை

காலை ஏழரைக்கே தோட்டத்துக்கோ லாட்ஜுக்கோ போகிற வீடுகளில் 8.30 முளையைப் பிடிக்க ஆள் இல்லை. 7 மணிக்கு மாற்றுங்கள், எல்லோரும் சேர்ந்து. மதியச் சோற்றை ஹாட்பாக்ஸில் வைத்துவிட்டு, சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் போங்கள். ஒரு மணிக்கு ஒரு போன். “சாப்டாச்சா, கதவு பூட்டியிருக்கா” இரண்டே கேள்வி. பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு சாவி. கதவின் உள்பக்கம் பெரிய எழுத்தில் உங்கள் எண், அவர் எண், அவசரத்துக்கு 112, குழந்தைகள் உதவிக்கு 1098. சின்னப் பிள்ளைகளைத் தனியே விடும் யோசனையே வேண்டாம். இரண்டு மூன்று வீடு சேர்ந்து ஆளுக்கு ஒரு நாள் பார்த்துக்கொள்வது எஸ்டேட் லைன்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், புதிதல்ல.

மழை நாளில் குளிர்கிறது என்று பிள்ளைகள் கரி அடுப்பை அறைக்குள் எடுத்துவைக்கக்கூடாது. கதவை மூடிக் கரி எரித்தால் வாடையே இல்லாத நச்சுக்காற்று சேரும். தூங்கியபடியே உயிர் போகும். பெரியவர்களுக்கும் இதே விதிதான்.

அறிகுறி: ஆறு மணிக்கு ஆள் வீட்டில் இல்லை

பேரம் பேசாத முளை இது ஒன்றுதான். மே மாதம் சூரியன் மறைவது ஆறரைக்கு மேல். ஆனால் மூட்டம் இறங்கினால் ஐந்தரைக்கே பத்தடி தெரியாது. காட்டுமாடு தேயிலைக்குள் நின்றால் முட்டும் தூரம் வரை கண்ணில் படாது. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கரடி, சிறுத்தை, கூடலூரில் யானை. “ஆறு மணிக்கு வா” என்று சொன்னால் வராது. “ஐந்தரைக்குக் கிளம்பு” என்று சொல்லுங்கள். கிளம்பும் நேரத்துக்கு ஓர் அடையாளம் வேண்டும்: ஏதாவது ஒரு பஸ், தொழிற்சாலைச் சங்கு, கோயில் மணி. தேயிலைக்கு நடுவிலுள்ள ஒற்றையடிக் குறுக்குவழி நாலு மணிக்கு மேல் கிடையாது, தார்ச்சாலைதான்.

சமையலறைக் குப்பையை இரவில் வெளியே வைக்காதீர்கள். எண்ணெய் வாடையும் பழத்தோலும் கரடியை வாசலுக்கே அழைக்கும். காலையில் வெளிச்சம் வந்தபின் போடுவது ஒருவரின் வேலையாக இருக்கட்டும்.

அறிகுறி: பள்ளி திறக்கப் பத்து நாள்தான், எதுவும் தயாராக இல்லை

எழும் நேரத்தை மறுபடி தினமும் 15 நிமிடம் இழுங்கள், இந்தத் தடவை பள்ளி பஸ் நேரம் வரை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, கூடலூர், பந்தலூர் பக்கம் வெளுத்து வாங்கும். ரெயின்கோட்டைப் போட்டுப் பாருங்கள், போன வருஷத்துக் கை இந்த வருஷம் முழங்கை வரைதான் வரும். பள்ளி ஷூவைக் கட்டிலடியிலிருந்து இன்றே எடுங்கள். உள்ளே வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருக்கும். வெளியே வைத்துக் காய்ந்த பிரஷால் தட்டி, காலை வெயிலில் இரண்டு நாள் நாக்கை இழுத்துத் திறந்து வைத்து, பிறகு உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து வையுங்கள். தாள் ஈரமானால் மாற்ற வேண்டும். அது யார் வேலை என்று தாளில் எழுதிவிடுங்கள்.